பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு விரல்

காலையிலிருந்து கிட்டாரில் மக்கர் செய்த சுரம், ஷோயப் சலித்துப்போய் இடது கையை மடியில் போட்ட பிறகுதான் மணி அடித்தாற்போல் ஒலித்தது. அவன் கையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். கம்ப்யூட்டர் தாமதமாக வேலை செய்கிறது, வேறென்ன என்று தன்னையே தேற்றிக்கொண்டான்.

பௌர்ணமி மதியம். செங்கம் சாலையில் கிரிவலக் கூட்டத்தின் இரைச்சல் உள்ளே வராதிருக்க ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டிருந்தான். ரெகுலேட்டரின் உறுமல் கிட்டாருக்குள் ஏறும் என்று ஃபேனையும் நிறுத்தியிருந்தான். வியர்வையும் கம்பளி வாடையும் மாடி அறையில் புழுங்கின. சாயங்காலத்துக்குள் பாட்டை அனுப்பினால் சென்னை ஸ்டூடியோவில் வேலை உறுதி. பாட்டின் உயிர் தொடக்கத்து எட்டு ஹார்மோனிக்ஸ். கம்பியை அழுத்தக் கூடாது. கிட்டார் கழுத்தின் குறுக்கே ஓடும் உலோகக் கோடான ஃப்ரெட்டுக்கு நேர் மேலே பட்டும் படாமலும் தொட்டு, மீட்டியதும் விரலை எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் அந்த மணிச் சத்தம் வரும். அவன் தொட்டால் டொக்கென்று செத்தது.

எப்படி வரும்? அந்த எட்டும் அவனோடு சேர்ந்து வாசித்த நண்பன் ஆதவன் போட்டவை.

போன வருடம் இதே அறையில், கிட்டார் ஒலியைப் பெருக்கும் பழைய ஆம்ப் இரைகிறது என்று அதன் பிளக்கிலிருந்த எர்த் பின்னை வெட்டியவன் ஷோயப். ஒரு கையைக் கம்பியில் வைத்தபடி மைக்கைச் சரிசெய்ய மறு கையை நீட்டியவன் ஆதவன். கரண்ட் அவனை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. கண் மட்டும் ஷோயப்பையே பார்த்தது. சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பாட்டு யார் பெயரில் போகும் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு வந்தது. கை நீளவில்லை.

மகன் செத்த சேதி கேட்டு அடி அண்ணாமலையிலிருந்து ஓடிவந்த ஆதவனின் தாய் ஜோதியம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எம் புள்ள உன்ன கூப்ட்டானாப்பா?"

"இல்லம்மா, சத்தமே வரல. அவனேதான் எர்த் பின்ன வெட்டியிருக்கான்."

அதற்குப் பிறகு ஷோயப் ஆம்ப் பக்கமே போகவில்லை. ஆம்ப் போலவே ஒலிக்கும் சாஃப்ட்வேர் இருக்கிறதே! தொட்டால் ஷாக் அடிக்காது.

வெளியே மனைவி பர்சானா கதவைத் தட்டினாள். "ஏங்க, சோறு ஆறுது. மணி மாதிரி வருமே, அது எங்கங்க? காலையிலேர்ந்து டொக்கு டொக்குனுதான் கேக்குது."

"வரேன், பத்து நிமிஷம்."

மெல்லிய ஒலிகளை இரைச்சல் என்று நினைத்து நறுக்கிவிடும் நாய்ஸ் கேட்டைத் திரையில் நன்றாகத் தளர்த்தினான். பேஸ் ஒலியைக் குறைத்தான். இடது கையை வேண்டுமென்றே முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் மீட்டினான்.

மணி ஒலித்தது. நீளமாக, சுத்தமாக. அதன் வால் தேய்ந்து அடங்கும் இடத்தில், ஸ்பீக்கரில் ஓர் உறுமல் மிச்சமிருந்தது. அவனுக்குத் தெரிந்த உறுமல். எர்த் இல்லாத பழைய ஆம்பின் உறுமல். கம்பளி வாடையைத் தாண்டி, தோல் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது.

கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே மட்டும் அசையவில்லை. அங்கே ஒரு விரல் அகலத்துக்குக் கம்பி கறுத்திருந்தது.

வலது கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. ஒட்டிக்கொண்டது. இடது கை முதுகுக்குப் பின்னாலேயே விறைத்தது.

கறுப்பு கம்பியை விட்டு நகர்ந்தது.

அடுத்து அவன் குரல்வளையில் அது தெரிந்தது. ஒரு விரல் நுனி. பட்டும் படாமலும். சொரசொரப்பாக, கருகிய தோலாக.

பர்சானா! அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

வாயிலிருந்து வந்தது மணிச் சத்தம். மெல்லியதாக. சுத்தமாக. பாட்டின் முதல் சுரம்.

விரல் கொஞ்சம் கீழே இறங்கியது. மறுபடி கத்தினான். இரண்டாம் சுரம்.

"ஆங், இப்பதாங்க தெளிவா கேக்குது!" கதவுக்கு வெளியே அவள் சிரித்தாள். "அப்படியே ரெக்கார்டு பண்ணிடுங்க. நான் அப்பறமா வரேன்."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

திரையில் ரெக்கார்டிங்கின் சிவப்புப் புள்ளி தானாக எரிந்தது. அவன் வாய் திறந்தே இருந்தது. விரல் மூன்றாம் சுரத்துக்கு நகர்ந்தது.