உயிர் போச்சு... மெய் இருக்கு!

ட்ரிங்... ட்ரிங்...!

இன்ஸ்பெக்டர் ரிசீவரை எடுத்தார்.

"சார்... உயிர் போயிடுச்சு சார்! மெய் மட்டும்தான் இருக்கு... சீக்கிரம் வாங்க!"

இத்தனை இலக்கணமாக யாரும் கொலையைச் சொல்லி அவர் கேட்டதில்லை. ஸ்ட்ரெச்சரோடு விரைந்தார்.

கண்ணாடிக் கட்டிடம். மூன்றாவது மாடி. பல் தந்தியடிக்கும் ஏ.சி. அறை. போன் செய்த நெட்டையன் வாசலிலேயே கண் கலங்கி நின்றான்.

"பாடி எங்கே?"

"இதோ சார்."

இரண்டு கறுப்புப் பெட்டிகள். ஒன்று பச்சை விளக்கோடு உறுமிக்கொண்டிருந்தது. இன்னொன்று... நனைந்து, கருகி, மூச்சுப் பேச்சில்லாமல்!

"ஏம்ப்பா, விளையாடறியா?"

"சார், இது கல்யாணத் தகவல் கம்பெனி. வரனெல்லாம் மொதல்ல ஒரே சர்வர்ல இருந்துச்சு. கூட்டம் கூடக் கூட அதுக்கு மூச்சு வாங்கிச்சு. பெரிய சர்வரா மாத்தினோம், அதுவும் திணறிச்சு. அதான் ரெண்டாப் பிரிச்சேன். அ, ஆன்னு உயிரெழுத்துல ஆரம்பிக்கிற பேரெல்லாம் இதுல. இதுக்குப் பேரு உயிர். மிச்சமெல்லாம் அதுல. அது மெய். அப்போலேருந்து ஆபீஸ்ல என் பேரு கோடாலி."

"உயிர்மேல யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க!" இன்ஸ்பெக்டர் துப்பறிந்தார். தரையில் குளம் கட்டியிருந்ததால் பெரிய சிரமமில்லை.

"யாரோ என்ன சார் யாரோ... இவனேதான்!"

முதலாளியம்மா புயலாக நுழைந்தார்.

"இந்த ரூமே கதின்னு கிடக்கறவன் இவன் ஒருத்தன்தான். ஒண்ணா இருந்ததைப் பொளந்தான். இப்போ பாதியைக் கொன்னுட்டான். தூக்கி உள்ளே போடுங்க!"

க்ளிக்! கோடாலியின் இடது கை நாற்காலியோடு விலங்கில்.

"ஐயோ, நான் ஏம்மா செய்யப்போறேன்? இன்னிக்குத்தானே என் உயிர்மெய்யை ஓடவிடறதா இருந்தேன்!"

"அது யாருய்யா மூணாவது ஆளு?"

"ரெண்டு சர்வரையும் சேர்த்துத் தேடற ப்ரோக்ராம் சார். ஒரு போன் நம்பருக்கு ஒரு பதிவுதான்னு இங்கே விதி. ஆனா ஒவ்வொரு சர்வரும் தன் வீட்டுக்குள்ளே மட்டும்தான் பார்க்கும். பக்கத்து வீட்டுல அதே நம்பர் வேற பேர்ல குடியிருந்தா அதுக்குத் தெரியாது. உயிர்மெய் வந்தா ரெட்டை வேஷமெல்லாம் அம்பலம்!"

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது.

"அப்போ ரெட்டை வேஷக்காரன்தான் கொலைகாரன்! ப்ச்... உயிர்தான் போயிடுச்சே, எங்கே போய்த் தேடறது?"

"நகல் இருக்கு சார்! வேற கட்டிடத்துல."

"நகலா...?" முதலாளியம்மாவின் குரல் கிறீச்சிட்டது. "அதெல்லாம் வேண்டாம்னு சொன்னேனேடா!"

"சொன்னீங்கம்மா. நான் கேக்கலே."

ஒற்றைக் கையால் தட்டினான். திரை மின்னியது. ஒரே ஒரு நம்பர் இரண்டு சர்வரிலும் இருந்தது!

மெய்யில்... கம்பெனி முதலாளி. வயது ஐம்பத்தாறு. கணவரை இழந்தவர்.

உயிரில்... வேறு பெயர். வயது முப்பத்தெட்டு. மென்மையானவள். கோபமே வராது.

கோடாலி திரையையும் முதலாளியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அம்மா... நீங்களா!"

"நான்தான்டா!" முதலாளியம்மா பொலபொலவென்று உடைந்தார். "ஒருத்தர்கூட மாசக்கணக்கா சாட் பண்றேன். வயசுல கொஞ்சம் கை வச்சுட்டேன். உன் உயிர்மெய் என்னைப் போட்டுக் குடுத்துடுமேன்னுதான்... பாட்டிலைக் கவிழ்த்துட்டேன்!"

இன்ஸ்பெக்டர் கோடாலியின் விலங்கைக் கழற்றினார்.

ஆனால் முதலாளியம்மாவுக்கு மாட்டவில்லை!

திரையிலிருந்த அந்த வேறு பெயரையே வெறித்தார். அத்தனை ஏ.சி.யிலும் ஒண்டிக்கட்டையான இன்ஸ்பெக்டரின் நெற்றியில் குப்பென்று வியர்வை.

"நீ... நீங்களா அது? தினம் எனக்கு குட்மார்னிங் அனுப்பறது...?"

முதலாளியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை தொப்பையில் வந்து நின்றது.

"அடப்பாவி மனுஷா! விமானம் ஓட்டறேன்னு சொன்னீங்களே!"

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார்.

"முழுப் பொய் இல்லீங்க... ஜீப்பைத்தான் கொஞ்சம் வேகமா ஓட்டுவேன்!"