மூவாயிரம் வருட மூச்சு

ராமுத்தாயின் நாலு ஏக்கர் கரிசலைப் பூட்டும் ஆணையில் ஜெசிந்தாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பூட்டிவிட்டால் மூன்று வருடம் விதைப்பு கிடையாது. மழை மேகமோ தலைக்கு மேலேயே வந்து நின்றது.

காட்டிக்கொடுத்தது கரிவயதுமானி. மண்ணிலிருந்து எழும் கரிக்காற்றை முகர்ந்து, அந்தக் கரி எத்தனை வருடம் புதைந்திருந்தது என்று சொல்லிவிடும். கரியில் கதிர்வீசும் அணுக்கள் கொஞ்சம் உண்டு; அவை எவ்வளவு தேய்ந்திருக்கின்றனவோ அவ்வளவு வயது. போன வருடச் சருகு மூச்சு விட்டால் குற்றமில்லை. களிமண் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் பழங்கரி கிளம்பினால் பூமிக்குச் சூடு, அதனால்தான் ஆழ உழுபவர் நிலத்தைப் பூட்டும் சட்டம். இங்கே வந்தது மூவாயிரம் வருடப் பழசு.

"ஆழமா உழுதீங்களா?" என்று கேட்டாள் மண் ஆய்வகத்தின் தலைவி ஜெசிந்தா.

"ஒரு சாண் தாண்டல மேடம். அந்தப் பழசு எந்த இடத்துல வருதுன்னு காட்டுங்க."

திரையில் வரைபடம் விரிந்தது. ஐம்பதடிக்கு ஒன்றாகச் சிவப்புப் புள்ளிகள், வரிசை பிசகாமல்.

"எங்க கலப்பை இப்படிப் புள்ளி வச்சா உழும்? இது உங்காளுங்க குழாய எறக்கிச் சோதனைக்கு மண்ணு எடுத்த எடம். அந்தக் குழிய எதப் போட்டு மூடுனீங்க?"

"மணல்."

"கரிசல்ல மணலக் கொட்டுனா மழைத்தண்ணி நேரா அடிக்குல்ல போகும்?"

ஜெசிந்தா புள்ளிகளை மறுபடி பார்த்தாள். தண்ணீரோடு காற்றும் போகும். ஆழத்தில் பட்டினி கிடந்த நுண்ணுயிர்கள் விழித்துப் பழங்கரியைத் தின்னும். பதினோரு வருடமாக நானூறு ஊர்களில் குழியை மணலால் மூடச் சொல்லி விதி எழுதியவள் அவளேதான்.

வேறு அதிகாரி என்றால் கருவிக் கோளாறு என்று எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பார். இவள் ராமுத்தாயின் பெயரை அடித்து, மண்ணைக் கெடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். இதே பழங்கரிக்காக இதுவரை பூட்டிய முப்பத்தேழு புஞ்சைகளையும் திறக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். எப்பேர்ப்பட்ட மனுஷி! மண்ணைக் கெடுத்தவர் மூன்று வருடம் எந்தப் புஞ்சையிலும் கால் வைக்கக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"என்ன தாயி இப்படிப் பண்ணிட்டீங்க? இந்தக் கருவியச் செஞ்சதே நீங்கதானாமே" என்றாள் ராமுத்தாய்.

"அதான்மா, அது சொன்னா என்னால மறுக்க முடியல."

கையெழுத்துப் போட்ட கையோடு ஜெசிந்தா ரோட்டுக்கு நடந்தாள். மழை விழுந்தது. ராமுத்தாய் கொட்டகையில் நின்று, "நனையாதீங்க, வாங்க!" என்று கத்தினாள். கொட்டகை இருந்தது புஞ்சைக்குள். ஜெசிந்தா ரோட்டிலேயே நின்று நனைந்தாள்.