சின்னப்பன் யார் மகன்?

நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனால் வக்கீலைத் தேடுவார்கள், சாமியாரைத் தேடுவார்கள். மெர்லின் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டரைத் தேடி வந்து உட்கார்ந்திருந்தாள். அழைத்து வந்தவள் ஷர்லி. புதுக்கோட்டை கோர்ட்டில் ஜூனியர் வக்கீல், இன்ஸ்பெக்டர் பிரகதீஸ்வரி வீட்டு மாடியில் குடியிருப்பவள், எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்பவள். மெர்லின் அவளுடைய கல்லூரித் தோழி.

“யாராச்சும் ஏமாத்திட்டாங்களாம்மா?” என்று கேட்டார் பிரகதீஸ்வரி.

“இல்லீங்க மேடம். எல்லாரும் நல்லவங்க. அதான் வெனையே.”

அவள் சொன்ன கதை இதுதான். ஆவூருக்குப் பக்கத்துச் சின்ன ஊர் அவளுடையது. மாப்பிள்ளை அமல்ராஜும் அதே ஊர், மஸ்கட்டில் வேலை. இரண்டு வீடும் சேர்ந்து பேசி முடித்த சம்பந்தம். ஊர் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. அந்த வாரம்தான் அமல்ராஜின் அப்பா டேவிட், கோயில் நூற்றாண்டு மலருக்காக வம்சாவளி எழுதிக்கொண்டிருந்தவர், பேயறைந்தவர்போல வந்து நின்றார். அவருடைய தாத்தா அந்தோணியும் மெர்லினின் கொள்ளுத்தாத்தா சின்னப்பனும் அந்தக் காலத்தில் ஊருக்கு வேதம் சொல்லிக்கொடுத்த சவரிமுத்து உபதேசியாருக்குப் பிறந்த அண்ணன் தம்பிகள் என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் இரண்டு வீடும் பங்காளிகள். மெர்லினும் அமல்ராஜும் அண்ணன் தங்கை.

“கோயில்ல தடை சொன்னாங்களா?”

“பங்குச் சாமியாரு தடையே இல்லன்னுட்டாரு. இவ்வளவு தூரத்து ஒறவு சபைச் சட்டத்துல கணக்கே இல்லையாம். ஆனா ஊரு ஒத்துக்குமா மேடம்? டேவிட் மாமாவே ஒத்துக்கல.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “பொறந்ததுலேருந்து மாமான்னு கூப்பிட்டே பழகிருச்சு. இனிமே பெரியப்பான்னு கூப்பிடணுமாம். வாய் வர மாட்டேங்குது.”

அந்தப் பக்கத்து மக்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. சாமி மாறியது, பேர் மாறியது. முறை மட்டும் மாறவில்லை. பங்காளி வீட்டுப் பெண்ணைக் கட்டினான் என்ற பேச்சு வந்தால் பிள்ளைகுட்டி வரைக்கும் துரத்தும் என்பது ஷர்லிக்கும் தெரியும்.

“ஒங்க அப்பா என்ன சொல்றாரு?”

“ஒண்ணுமே சொல்றதில்ல மேடம். நான் அழுதா எந்திரிச்சு மோட்டார் கடைக்குப் போயிர்றாரு. மூணு மாசமாச்சு. அமல் லீவு முடிஞ்சு அடுத்த வாரம் கெளம்புறாரு. இந்தத் தடவை போனா திரும்பி என்னைப் பாக்க வர மாட்டாரு. வரவும் கூடாது, இல்லையா?”

மறுநாள் காலை ஷர்லியின் ஸ்கூட்டியில் அவளும் பிரகதீஸ்வரியும் அந்த ஊருக்குப் போனார்கள்.

டேவிட் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மகன் கல்யாணத்தைத் தானே நிறுத்திய மனிதர் எப்படி இருப்பாரோ அப்படித்தான் இருந்தார். சட்டை கசங்கி, கண் உள்ளே போய். அமல்ராஜ் வாசலோடு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அங்கிட்டுப் போய்விட்டான்.

“கணக்கு தப்புன்னா நான்தான் மொதல்ல சந்தோசப்படுவேன் மேடம்,” என்று சொல்லி டேவிட் ஒரு பழைய படத்தை எடுத்து வைத்தார். வெள்ளைக்காரன் காலத்துப் படம். சவரிமுத்து உபதேசியார் இறந்த எட்டாம் நாள் பூசைக்குக் கோயில் வாசலில் எடுத்தது. நடுவில் விதவை மனைவி. அவருடைய வலப்பக்கம் மொட்டைத் தலையோடு ஒரு பையன், அந்தோணி. இடப்பக்கம் எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவிய தலையோடு இன்னொரு பையன், சின்னப்பன். அவனுடைய தோளில் கைவைத்து ஓரமாக ஒரு பெண் நின்றிருந்தாள்.

“இவங்க யாரு?”

“அருளாயி. உபதேசியாரோட தங்கச்சி. கல்யாணமே கட்டிக்காம கோயிலுக்குப் பூக் கட்டிக் குடுத்துக்கிட்டு இருந்தே செத்துப்போனாங்க.”

“சின்னப்பன் எறந்தது ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“இல்லாம என்ன? அப்ப நான் பத்தாவது. நல்ல மழை. அந்தோணி தாத்தா பொணத்துக்குப் போத்தக் கோடித்துணி எடுத்துட்டுப் போனாரு. தாம்பாளத்தத் தூக்குனவன் நான். சேத்துல வழுக்கி, நானும் தாம்பாளமும் வாய்க்கால்ல கெடந்தோம்.”

அவர் மனைவி அற்புதமேரிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. “எழவு வீட்டுக்குச் சேத்தோட போன கோடி அது ஒண்ணுதான்,” என்றார். ஷர்லியும் சிரித்தாள். பிரகதீஸ்வரி சிரிக்காமல், “இந்தப் படத்த வச்சா முடிவு பண்ணீங்க?” என்றார்.

“படத்துல சந்தேகம் இருந்துச்சு. கல்லப் பாத்ததும் அதுவும் போச்சு. வாங்க, காட்டுறேன்.”

கல்லறைத் தோட்டத்தில் சின்னப்பனின் கல்லறை தனியாகத் தெரிந்தது. பளபளவென்று கருங்கல். ‘சவரிமுத்து உபதேசியார் மகன் சின்னப்பன்’ என்று அச்சடித்ததுபோல எழுத்து. கல்லைப் பதித்த சிமெண்டில் இன்னும் பாசிகூடப் பிடிக்கவில்லை. பக்கத்திலேயே சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு தாழ்ந்த மேடு, பெயர் இல்லை. ஆனால் அதன் தலைமாட்டில் மெழுகு உருகி உருகி, பழையதன்மேல் புதியதாகக் கையளவு தடிமனாக உறைந்திருந்தது.

“அதுதான் அருளாயி கல்லறை,” என்றார் டேவிட். “கல்லறைத் திருநாளுக்கு யாரோ ஏத்துறாங்க. நாங்க ஏத்துறதில்ல. யாருன்னு கேட்டுக்கிட்டதும் இல்ல.”

திரும்பும் வழியில் ஷர்லியால் சும்மா இருக்க முடியவில்லை. “மேடம், கண்டுபிடிச்சிட்டேன். சின்னப்பன் பெத்த புள்ள இல்ல, எடுத்து வளத்த புள்ள. அதான் மொட்டை போடல.”

“எடுத்து வளத்தாலும் புள்ளதானே. மகன்ங்கிற உரிமை உள்ளவனுக்கு மொட்டை உண்டு. அவன வகிடெடுத்துச் சீவி நிறுத்தியிருக்காங்க.” அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அவர் சொல்லவில்லை. ஷர்லிக்கு அது கேட்டதுபோல் இருந்தது. “ஞாயித்துக்கிழமை ரெண்டு வீட்டையும் மெர்லின் வீட்டுல வந்து ஒக்காரச் சொல்லு.”

ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் வந்தார்கள். மெர்லினின் அப்பா ஆரோக்கியமுத்து, கிரீஸ் கறை போகாத விரல்களைப் பின்னிக்கொண்டு, கதவோரத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அம்மா இல்லாத வீடு; மெர்லின்தான் டீ கொண்டுவந்து வைத்தாள். அமல்ராஜ் அவளைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டான்.

“டேவிட் சார்,” என்று தொடங்கினார் பிரகதீஸ்வரி. “ஒங்க பக்கத்துல பங்காளி வீட்டுச் சாவுக்குக் கோடி எடுத்துட்டுப் போவீங்களா?”

“பங்காளி எப்படிங்க எடுப்பான்? அவன் எழவு வீட்டுக்காரன். கோடி, தாய்மாமன் வீட்டுலேருந்து வரும். சம்பந்தி…” பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அவர் கை தானாகவே ஒரு தாம்பாளத்தைப் பிடிப்பதுபோல எழுந்து, மெல்ல இறங்கியது. “நான்ல தூக்கிட்டுப் போனேன்,” என்றார்.

“கூடப் பொறந்த தம்பிக்கு அண்ணன் கோடி போட மாட்டாரு. அந்தோணி போட்டாருன்னா, அவரு தாய்மாமன் வீட்டுக்காரரா நின்னு போட்டாரு. அந்தப் படமும் அதையேதான் சொல்லுது. அப்பன் செத்த எட்டாம் நாள், ஒரு பையன் மொட்டை, இன்னொருத்தன் தலை நெறைய முடி. ஏன்னா செத்தது அவனுக்கு அப்பன் இல்ல, மாமன். அவன் ஒட்டி நின்னது விதவைகிட்ட இல்ல, அருளாயிகிட்ட. சின்னப்பன் அருளாயி பெத்த புள்ள. கல்யாணம் கட்டாதவங்க பெத்த புள்ள. தகப்பன் யாருன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம். மாமன் வீட்டுல வளந்தான். காரணத்தப் பெரியவங்க தங்களோட பொதச்சிட்டாங்க. முறைய மட்டும் பொதைக்க முடியல. அதான் நீங்க ரெண்டு வீடும் மாமா, மச்சான்னு கூப்பிட்டு வந்திருக்கீங்க. அமல்ராஜும் மெர்லினும் அண்ணன் தங்கச்சி இல்ல. கட்டிக்கிற முறை.”

அமல்ராஜ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அற்புதமேரி சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் டேவிட் வாத்தியார் அல்லவா, கணக்கு தட்டுகிற இடத்தை விடமாட்டார்.

“அப்ப கல்லு? கல்லுல மகன்னு வெட்டியிருக்கே.”

“சின்னப்பன் செத்து அம்பது வருசம். கல்லுக்கு ரெண்டு வயசுகூட ஆகல. மெஷின்ல வெட்டுன எழுத்து. நீங்க மலருக்கு விவரம் சேக்க ஆரம்பிச்சப்புறம் நட்டது. சொந்தச் செலவுல தாத்தாவுக்குக் கல்லு நட யாருக்குத் தோணும்? பேர் இல்லாத மேட்டுல வருசா வருசம் மெழுகுவத்தி ஏத்த யாருக்குத் தோணும்? அது தன்னோட பூட்டின்னு தெரிஞ்சவருக்குத்தான்.”

எல்லாரும் கதவோரம் திரும்பினார்கள். ஆரோக்கியமுத்து மறுக்கவில்லை. மறுக்கிற மனிதர் முகம் அப்படி இருக்காது என்று ஷர்லி நினைத்தாள்.

“எங்கப்பா சாகும்போது சொல்லிட்டுப் போனாரு,” என்றார். குரல் ஸ்டூலைத் தாண்டி வரவில்லை. “சின்ன வயசுல சப்பரம் தூக்கப் போனப்ப, அப்பன் பேர் தெரியாத வம்சத்துக்கு மொத வரிசையான்னு ஒருத்தன் கேட்டான். எங்கப்பா என் கையப் புடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்துட்டாரு. அன்னைக்கு வீட்டுல யாரும் சாப்பிடல. மச்சான் புத்தகம் போடுறாருன்னதும், அச்சுல ஏறுறப்பவாச்சும் எங்க தாத்தாவுக்கு ஒரு அப்பன் இருக்கட்டும்னு கல்லு நட்டேன். அது எம்புள்ள தலையில வந்து விழும்னு நெனைக்கல.”

“விழுந்தப்புறம் சொல்லியிருக்கலாமே மச்சான்,” என்றார் டேவிட். அந்த மச்சான் என்ற சொல்லுக்கே இரண்டு பேருக்கும் கண் கலங்கியது.

“நாளைக்குச் சொல்லிரலாம், நாளைக்குச் சொல்லிரலாம்னே போயிருச்சு. சொன்னா அப்பன் பேர் தெரியாத வீட்டுப் பொண்ணுன்னு நீங்க வேண்டாம்பீங்கன்னு பயம்.”

அற்புதமேரி எழுந்தார். “பயப்பட வேண்டியதுதான், ஊரு பேசும். பேசட்டும். மலர்ல என்ன எழுதுறதுன்னு இவரு பாத்துக்குவாரு. எனக்கு மருமக வேணும்,” என்று சொல்லி மெர்லினின் கையைப் பிடித்தார்.

எல்லாம் சுபம் என்று ஷர்லியின் மனசு மேளம் கொட்டத் தொடங்கியபோது மெர்லினின் முகத்தைப் பார்த்தாள். மேளம் நின்றுவிட்டது.

மெர்லின் அழவில்லை. அத்தையிடமிருந்து மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு அப்பாவின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“நீங்க பட்ட அவமானம் எனக்குப் புரியுதுப்பா. உங்களக் கோவிச்சுக்கக்கூட முடியல. ஆனா நான் ஒவ்வொரு நாளும் அழுதப்ப, அமல் எனக்கு அண்ணன்னு நெனச்சு என்னையே நான் அருவருத்தப்ப, ஒரு வார்த்தை சொன்னா போதும்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

ஆரோக்கியமுத்து கையை நீட்டி அவள் தலையைத் தொடப் பார்த்தார். பாதியில் கை நின்றது.

“கல்யாணத்துக்கு வாங்க. மொத பெஞ்சுல ஒக்காருங்க,” என்றாள் மெர்லின். “ஆனா பீடம் வரைக்கும் என் கையப் புடிச்சு நீங்க கூட்டிட்டுப் போக வேண்டாம். நான் தனியா நடந்து வாரேன்.”

அவர் சரி என்று தலையசைத்தார். சற்று நேரம் கழித்து, யாரும் எதுவும் கேட்காதபோதே, இன்னொரு தடவையும் தலையசைத்தார்.