மீட்கப்பட்ட பெயர்

பிரசவ வார்டின் சுவர்த்திரை தினமும் காலையில் இறந்துபோன பெயர்களைக் காட்டும். தாய்மார்கள் பல் விளக்குவதற்கு முன்பே வந்து நிற்பார்கள். ஒரு பெயரைத் தாங்கிய கடைசி ஆள் இறந்தால் அது பெயர்க்காப்பகத்துக்குச் சேரும். அதை எடுத்துக்கொள்ளும் குழந்தைக்கு மேட்டுநகரில் இடம் உண்டு. மற்றக் குழந்தைகள் கடல்நீர் புகுந்த தாழ்நகருக்கு இறங்கவேண்டும். பண்பாட்டை மீட்க அரசு கண்ட வழி இது.

நல்ல பெயர்களெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டன. மிருதுளா அங்கயற்கண்ணி என்ற பெயருக்காகக் காத்திருந்தாள். அந்தப் பெயர்கொண்ட மூதாட்டி சாகக் கிடந்து பிழைத்துக்கொண்டாள். செய்தி கேட்டதும் தன் முகம் வாடியதை நினைத்தால் மிருதுளாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

இன்றோடு கெடு முடிகிறது. திரையில் ஒரே ஒரு பெயர்.

வேண்டாம்பொண்ணு.

"என்ன பேருங்க இது?" என்றாள்.

காப்பக அலுவலர் தன்ஷிகா நிமிரவில்லை. "அந்தக் காலத்துல வரிசையா பொண்ணாப் பொறந்தா கடைசிக்கு இப்படி வெப்பாங்க. அடுத்தது பையனாப் பொறக்கும்னு."

"தெரியும். இதை எதுக்குக் காப்பாத்தறீங்க?"

"நாங்க நல்லது கெட்டது பாக்கறதில்லம்மா. எல்லாமே மரபுதான்."

கணவன் ரிஷ்வந்த் தோளில் குழந்தை தூங்கியது. "வீட்ல நம்ம இஷ்டத்துக்குக் கூப்பிட்டுக்கலாம், மிரு."

"உனக்கு வெச்சிருந்தா சும்மா இருப்பியா?"

"தாழ்நகர்ல போன மழைக்கு எத்தனை குழந்தை போச்சு தெரியுமில்ல?"

அவளுக்குத் தெரியும். அதனால்தான் கோபம் அவன்மேல் நிலைக்காமல் தன்ஷிகாவிடம் திரும்பியது.

"இந்தப் பேரோட வாழ்ந்தாங்களே, அவங்களுக்கு இது பிடிச்சிருந்துச்சா?"

தன்ஷிகா கொஞ்சம் தயங்கினாள். "மாத்தித் தரச்சொல்லி ரெண்டு தடவை வந்தாங்க. அருகிப்போன பேர். சட்டப்படி மாத்த முடியாது."

"வந்தவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"பெருமையா நினைங்கன்னு சொன்னோம்."

"ஆயுசு முழுக்க வேண்டாம் வேண்டாம்னு கூப்பிட்ருக்கீங்க. கடைசியில பெருமைப்படச் சொல்லியிருக்கீங்க. வாய் கூசலையா?"

தன்ஷிகாவின் பார்வை மிருதுளாவைத் தாண்டிப் போயிருந்தது. மிருதுளா திரும்பினாள். ரிஷ்வந்த் திரைக்குக் கீழிருந்த பதிவு ஒலிவாங்கியின் அருகே குழந்தையின் காதில் வாய்வைத்திருந்தான். பெற்றவரில் ஒருவர் மூன்று முறை காதில் சொன்னால் பெயர் பதிவாகிவிடும்.

மூன்றாவது முறையும் சொல்லிவிட்டான். திரை பச்சையானது.

"முடிஞ்சுது," என்றான். நிம்மதியில் அவன் கண்கள் கலங்கியிருந்தன.

மிருதுளா குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

வெளிவாசலை நெருங்கியதும் கதவு கனிவான குரலில் பேசியது. "வேண்டாம்பொண்ணு, வருக." தெருமுனை மின்தூக்கியும் வரவேற்றது. பாலகத்தின் கதவு அவர்கள் கடந்துபோகும்போதே கூப்பிட்டது. மேட்டுநகரில் ஆளை அறியாத கதவு கிடையாது.

"பழகிடும்," என்றான் ரிஷ்வந்த்.

"யாருக்கு?"

குழந்தை விழித்துக்கொண்டு கதவு கூப்பிட்ட பக்கமாகத் தலையைத் திருப்பியது.

அதைப் பார்த்ததும் மிருதுளா நின்றாள். பிறகு திரும்பி, தாழ்நகருக்குப் போகும் படிக்கட்டை நோக்கி நடந்தாள். ரிஷ்வந்த் பின்னாலிருந்து கத்தினான். அவளைத்தான் கூப்பிட்டான், மகளை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.