ஆற்றிலிருந்து எடுத்த ஏர் டேங்க்

சோப்பு நுரை உள்ளே போனது.

காசிண்டா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகித்தான். காற்று கசியும் இணைப்பைக் கண்டுபிடிக்க சோப்புத் தண்ணீர் தடவுவான். கசிவு இருந்தால் குமிழி வீங்கி உடையும். இத்தனை வருடத்தில் வேறெதுவும் நடந்ததில்லை. ஆனால் இந்த இணைப்பில் குமிழி வீங்கியது, கொஞ்சம் நின்றது, பிறகு சுருங்கிக் குழாய்க்குள்ளேயே போய்விட்டது. மறுபடி வீங்கியது. மறுபடி போனது.

குயித்தோ நகருக்கு வெளியே அவனுடைய பட்டறையில் சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. பக்கத்துக் கொட்டகையில் யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள், பீன்ஸ் வேகும் வாசனையும் பழைய டீசல் வாசனையும் கலந்து வந்தன, மல்லாந்து படுத்திருந்த அவன் முதுகுக்கடியில் குளிர்காலத்துச் செம்மண் சில்லென்றிருந்தது. தலைக்கு மேலே ஆறு சக்கர ராணுவ லாரி. சண்டைக்குப் பிறகு காட்டிலும் ஆற்றிலும் விட்டுப்போன மூன்று வண்டிகளை வெட்டி அவனும் அண்ணன் ஜாம்பாவும் சேர்த்த ஒரே வண்டி. கேபின் ஒன்றிலிருந்து, எஞ்சின் இன்னொன்றிலிருந்து. ஏர் டேங்க் மட்டும் ஆற்றுத் துறையில் மூழ்கிக் கிடந்த மூன்றாவதிலிருந்து.

எந்தப் பழைய டேங்கையும் அடி பிளக்கைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவன் மாட்டுவான். இதில் பிளக் துருவில் இறுகிப் போயிருந்தது. சுத்தியலால் தட்டினான். காலி டேங்கின் சத்தம்தான் வந்தது. நல்ல டேங்க் வேறு இல்லை; காற்று நிற்காவிட்டால் இந்த வண்டிக்கு பிரேக் இல்லை; சர்ச் பாட்டுக் குழுவை ஏற்றிக்கொண்டு அண்ணன் காலையில் மலையிறங்க வேண்டும். பார்க்காமலே மாட்டிவிட்டான்.

அண்ணனிடம் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. ஆற்றில் கிடந்த வண்டியில், டேங்கிலிருந்து கேபினுக்கு வந்த ரப்பர் ஹோஸ் அறுபட்டுக் கிடந்தது. அதன் முனை முழுக்கப் பல் தடம். ஒரே வாயின் தடமாகவும் இல்லை. மூழ்கிய கேபினுக்குள் சிக்கிய சிப்பாய்கள் அந்த டேங்கின் காற்றை எவ்வளவு நேரம் மாற்றி மாற்றி உறிஞ்சியிருப்பார்கள் என்று அவன் அன்று கணக்குப் போட்டான். பாதியில் நிறுத்திவிட்டு, ஹோஸை வெட்டி ஆற்றிலேயே எறிந்தான்.

இப்போது கடிகாரத்தைப் பார்த்துக் குமிழி வீங்குவதை எண்ணினான். நிமிடத்துக்குப் பதினான்கு முறை. தன் மூச்சை அடக்கிப் பார்த்தான். குமிழியும் நின்றது.

மூச்சை விட்டான். வீங்கியது.

வெளியே தவழ்ந்து வந்தபோது நெடுந்தூரம் ஓடியவன்போல் அவனுக்கு மூச்சு வாங்கியது. ஜாம்பாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவன் குனிந்து பார்த்த நேரத்தில் நுரை காய்ந்திருந்தது.

"சோப்பு நுரைக்குப் பயப்படுற மேஸ்திரிய இப்பதான்டா பாக்குறேன்" என்றான் ஜாம்பா. "நீ மெக்கானிக்கா, மந்திரவாதியா?"

"டேங்க்க கழட்டிடலாம்ணே. மனசுக்குச் சரியாப் படல."

ஜாம்பா சிரித்தான். வெயில் இறங்கினால் டேங்குக்குள் காற்று சுருங்கும், சுருங்கினால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், இதைத் தனக்குச் சொல்லிக்கொடுத்ததே தம்பிதான் என்றான். அது உண்மைதான். காசிண்டாவுக்கு அதை நம்ப வேண்டும்போல் இருந்தது. இணைப்பில் புதுச் செப்பு வாஷர் போட்டு இறுக்கினான். மிச்சமிருந்த காற்றை வால்வு வழியாக முழுவதும் திறந்துவிட்டான். டேஷ்போர்டில் ஏர் மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு வந்தது. இரண்டு முறை பார்த்தான். பூஜ்யம்தான். டயர் திருடர்களுக்குப் பயந்து ஜாம்பா அன்று கேபினிலேயே படுத்துக்கொண்டான்.

விடிந்தபோது நல்ல பனி. காசிண்டா வந்து சேர்வதற்குள் பாட்டுக் குழுப் பெண்கள் பதினான்கு பேரும் பின்னால் ஏறி மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். போர்வைக்குள்ளிருந்து பேசினார்கள், ஒவ்வொரு வாயிலிருந்தும் வெள்ளையாய் ஆவி கிளம்பியது. குழுத் தலைவி ஃபெலிஸ்மினா தன் பேரனை மடியில் இழுத்துக்கொண்டு, "என்ன மேஸ்திரி, உங்கண்ணன் எழுந்திரிக்கவே மாட்டானா? கல்யாணம் கட்டி வச்சாதான் சரிப்படும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆவி மொத்தமாக எழும்பியது.

காசிண்டா கேபின் கதவைத் திறந்தான்.

அண்ணன் விழித்துத்தான் இருந்தான். ஸ்டியரிங்கில் கை. சாவி இன்னும் போடவில்லை. எஞ்சின் ஜில்லென்று கிடந்தது; அது ஓடாமல் டேங்கில் காற்று ஏறாது.

மீட்டர் முள் ஏழில் நின்றது.

நேற்று பூஜ்யம். இரண்டு முறை பார்த்தான். நன்றாகப் பார்த்தான்.

"அண்ணே, இறங்கு."

ஜாம்பா திரும்பினான். தம்பியைப் பார்த்து வழக்கமான கேலிச் சிரிப்பு சிரித்தான். உதடுகள் அசைந்தன. ஏதோ சொன்னான், சொல்லி முடித்தான், பதிலுக்குக் காத்திருந்தான். சத்தமே இல்லை. அந்தக் குளிரில் அவன் வாயிலிருந்து ஆவியும் வரவில்லை. கண்ணாடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. சட்டைக்குள் அவன் நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

காசிண்டாவின் வாயிலிருந்து ஆவி வந்தது. மேலே போகவில்லை. வளைந்து கேபினுக்குள் போனது. கீழே. பெடல்களின் இடுக்கு வழியாக.

முள் நகர்ந்தது. ஏழரை.

பின்பக்கம் ஓடினான். கால் தடுக்கியது, எழுந்தான், பின்கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினான். இறங்குங்க. தொண்டை நரம்பு புடைத்தது. நாக்கு புரண்டது. சத்தம் வரவில்லை.

மேலே யாரும் அவனைப் பார்க்கவில்லை. ஃபெலிஸ்மினா கையை உயர்த்தினாள். பெண்கள் பாடத் தொடங்கினார்கள். பதினான்கு வாய்கள் ஒன்றாகத் திறந்தன, ஒன்றாக மூடின. தோள்கள் ஆடின. மடியிலிருந்த பிள்ளை வாய் கிழிய அழுதுகொண்டிருந்தான். ஆவி இல்லை. கைதட்டல் மட்டும் கேட்டது. தட். தட். தட். வெறும் கைகள்.

பிறகு பாட்டும் கேட்டது.

வண்டிக்கு அடியிலிருந்து. இரும்புக்குள்ளிருந்து. பதினான்கு குரல்களும் இருந்தன, பிள்ளையின் அழுகையும் இருந்தது, நடுவே ஜாம்பாவின் சிரிப்பு. இன்னும் யாரோ சில ஆண்கள். அவசரமாக, முறைவைத்து, ஒருவர் இழுத்துவிட்டு அடுத்தவருக்கு விட்டதுபோல், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் கடைசியாகக் காசிண்டாவின் சொந்தக் குரல். தெளிவாக.

"இறங்குங்க."

மேலே அவர்கள் சிரித்த முகத்தோடு கைதட்டிக்கொண்டே இருந்தார்கள்.