முதுகு காட்டாத தெரு

ஞானபாக்கியம் டீச்சர் காப்பி குடித்துவிட்டுப் போகும்போதெல்லாம் பின்பக்கமாகவே நடந்து போனாள். வடிவம்மாள் அதை மரியாதை என்றுதான் நினைத்தாள். சாமி கும்பிட்டு வெளியே வருகிறவர்கள் சன்னதிக்கு முதுகு காட்டாமல் பின்னுக்கு நடந்து வருவார்களே, அதைப் போல. சிரித்த முகம் மாறாமல், முந்தானையைத் தோளைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, நிலைப்படியையும் வாசற்படியையும் திரும்பிப் பாராமலே தாண்டி, தெருவில் இறங்கிய பிறகும் சுவரை ஒட்டியே நகர்ந்து, டீச்சர் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போனாள்.

"ரங்கூன்ல இருந்து வந்தவுகளுக்கு இந்த ஊர்ல என்னா மதிப்பு, பாத்தியளா?"

"மதிப்பு உனக்கா, உன் காப்பிக்கா?" என்றார் அவள் புருஷன் சிவனணைந்தபெருமாள். பேசி முடித்து அவர் இருமவில்லை. வடிவம்மாளுக்குக் கேலி உறைக்கவில்லை. இருமல் வராததுதான் காதில் நின்றது.

இருமலுக்காகத்தான் இங்கே வந்தார்கள். ரங்கூனில் ஓர் அரிசி ஆலை ஆபீஸில் அவர் தலைமைக் குமாஸ்தா. உமித்தூசி நெஞ்சில் இறங்கி மூச்சிளைப்பாக மாறியது. வேலையிலிருந்து ஓய்ந்த வருஷமே அங்கே கலகமும் வந்தது. கப்பலேறி வந்து, குற்றாலத்தில் அருவிப் பாதையை விட்டு விலகிய இந்தத் தெருவில், கையில் இருந்ததையெல்லாம் கொட்டி ஓட்டுவீடு ஒன்றை வாங்கினார்கள். கொழும்பிலும் பினாங்கிலும் உழைத்து ஓய்ந்தவர்களே வரிசையாக இருந்த தெரு. இனிப் போக வேறு இடம் கிடையாது. இந்தக் காற்றில் அவர் மூச்சு நிலைக்க வேண்டும். அவள் வேண்டியது அது ஒன்றுதான்.

பால் காய்ச்சிய அன்று தெருப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். பால்பானையை டீச்சரே சுமந்து வந்தாள்.

"ஒரு புது வீடு வராதான்னு காத்துக் கெடந்தோம்க்கா. இங்கன மாதிரி எடம் எங்கயும் கெடையாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க. எண்ணெ தேச்சுக் குளிக்கும்போது, முதுகு எட்டல, தேச்சு விடுன்னு யாராச்சும் கேட்டா முடியாதுன்னு சொல்லப்படாது. இது அருவித்தண்ணிக்கு வந்தவுக தெரு."

எல்லாப் பெண்களும் தலையாட்டினார்கள். எல்லாரும் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனி பிறந்து சாரல் பிடித்துக்கொண்டது. உச்சிப்பொழுதிலேயே வீட்டுக்குள் அந்திபோல் இருட்டிக் கிடக்க, அருவியின் இரைச்சல் சுவருக்குள் யாரோ ஓயாமல் அரிசி புடைப்பது போலக் கேட்டுக்கொண்டிருக்க, ஊறிய இலையும் பலாச்சக்கையும் பாசியும் கலந்த வாடை அடுப்படி வரைக்கும் வந்து நின்ற ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அவர் உறங்கிக்கொண்டிருந்தபோது, மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வடிவம்மாள் புறவாசல் கதவைத் திறந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஓடை. ஓடைக்கரைத் துவைகல்லில் ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஈரமுடி முழுவதையும் முன்பக்கம் தள்ளிப் போட்டிருந்தாள். முகம் தெரியவில்லை.

இந்தத் தெருவுக்கு வந்து அவள் பார்த்த முதல் முதுகு அது.

"ஏட்டி, முதுகு எட்டல. செத்த தேச்சு விடுதியா?"

குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுவது போன்ற குரல். வடிவம்மாள் மறுக்கவில்லை. எண்ணெயைக் கையில் ஊற்றித் தேய்த்தாள். ஓடைக்கல்லைத் தொட்டது போலிருந்தது. எண்ணெய் ஏறவில்லை, தாமரை இலைத் தண்ணீராக உருண்டு வழிந்தது. பிடரிக்குக் கீழே அவரைக்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு மச்சம்.

"எந்த வீடு தாயி?"

"இங்கனதான்."

"தனியாவா வந்திய?"

"நல்லாத் தேய்க்கே. கடைசில ஒருநா உனக்கு நான் தேச்சு விடுதேன்."

அதன்பிறகு அவள் வந்துகொண்டே இருந்தாள். சாரல் விழுகிற மத்தியானங்களில் கதவைத் திறந்தால் கல்லில் இருப்பாள். கேட்பாள். இவள் தேய்ப்பாள். மெல்லமெல்ல அந்த முதுகில் எண்ணெய் ஏறத் தொடங்கியது. தோலுக்குச் சூடு வந்தது. மச்சம் மங்கியது. அது மங்க மங்க, வலது தோள்பட்டைக்குக் கீழே வேறொன்று சிவந்து எழும்பியது. ஒரு நாள் எண்ணெய் வழித்த விரல் அதன் மேல் போய்த் தட்டி நின்றது. ஒரு வெற்றிலை அளவு. நுனி இடுப்பைப் பார்த்தபடி.

சூட்டு வடு.

அது வடிவம்மாளுடையது. சின்ன வயதில் தங்கச்சி ரெங்கம்மாள் கொதிகஞ்சியைக் கவிழ்த்துவிட்டதில் வந்தது. வடிவம்மாள் தன் கையை வளைத்துத் தன் முதுகைத் தொட்டாள். விரலுக்கு முதுகு தெரிந்தது. முதுகுக்கு விரல் தெரியவில்லை.

மறுநாள் புறவாசல் கதவுக்குத் தாழ் போட்டு, உரலை உருட்டி முட்டுக்கொடுத்து வைத்தாள். மத்தியானம் சாரல் இறங்கியது. அருவி இரைச்சலுக்கு அடியில் குரல் வந்தது.

"ஏட்டி. எட்டலட்டி."

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். குரல் ஓய்ந்தது. உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. ஓடிப் போய்ப் பார்த்தாள். சிவனணைந்தபெருமாள் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தார். வாய் திறந்திருந்தது. காற்று உள்ளே போகவில்லை. கண் பிதுங்கி அவளையே பார்த்தது. அவர் முதுகெல்லாம் எண்ணெய். அதில் ஐந்து விரல் இழுத்த தடம்.

உரலைத் தள்ளிக் கதவைத் திறந்தாள்.

அவள் கல்லில்தான் இருந்தாள்.

வடிவம்மாள் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க உள்ளே அவருக்கு மூச்சு வந்தது.

அன்று பொழுது சாயும்போது டீச்சர் வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். கேட்கும் முன்பே பேசினாள்.

"கதவப் பூட்டினியளாக்கும்? நானும் பூட்டினேன். எங்க வீட்டு சாருக்கு அன்னைக்கு இருமி இருமி ரத்தமா வந்துட்டு."

"யாரு டீச்சரம்மா அவ?"

"தெரியலக்கா. இங்கன எல்லாருக்கும் முந்தி வந்தவ." டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "பிடரிக்குக் கீழ ஒரு மச்சம் பாத்தியளா? இன்னும் இருக்கா அது?"

"மங்கிட்டு."

"மங்கும்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க சாருக்கு அந்த மச்சம்னா ரொம்பப் பிரியம்."

டீச்சரின் ரவிக்கைக்குள் இப்போது என்ன இருக்கிறது? வடிவம்மாள் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னய விட்டுருவாளா?"

"புதுசா ஒரு வீடு வந்தா அங்கன போயிருவா. உங்க வீட்டுக்காரருக்கு இளைப்பே இருக்காது. எங்க சாரு இப்ப மூச்சு வாங்காம மலையேறுதாரு, தெரியுமா? சட்டுனு யாரையாச்சும் வரச் சொல்லுங்க. தெருக்கடைசி வீடு சும்மாத்தான கெடக்கு."

"தெரிஞ்சேதான் எங்களுக்குப் பால்பான தூக்கிட்டு வந்தியளா, பாவி?"

"பின்ன? நீங்க யாரையும் கூப்பிடப் போறதில்லயாக்கும்?" என்று சிரித்தாள் டீச்சர். எழுந்தாள். பின்பக்கமாகவே நடந்து போனாள்.

வடிவம்மாளுக்குத் தங்கச்சி ஒருத்திதான் இருந்தாள். புருஷன் செத்தபிறகு தென்காசியில் கொழுந்தன் வீட்டு மச்சில் முடங்கிக் கிடந்தாள். காலையில் குதிரை வண்டி பிடித்துப் போகும்போது வழி நெடுக வடிவம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டே போனாள். சீக்கிரம் வந்துவிட்டால் என் முதுகு எனக்கு மிஞ்சும். அவர் மூச்சும் மிஞ்சும். ரெங்கத்துக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அவளுக்கு இழக்க என்ன இருக்கிறது.

ரெங்கம்மாள் வாசலுக்கு ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"என்னக்கா, இப்படிக் குளுந்து கெடக்கு முதுகு?"

"சாரல்ல வந்தேன்லா. ஏட்டி, இங்கன எதுக்குச் சீரழியுத? எங்க தெருக்கடைசில வீடு காலியா கெடக்கு. அந்தக் காத்துக்கு உங்க அத்தானுக்கு இருமலே நின்னுட்டு. நீ வந்தா எனக்கு உசுரு வந்த மாதிரி இருக்கும்."

"நெசமாவா கூப்பிடுத? நான் தொந்தரவு பண்ணுவேன்க்கா."

"பண்ணு."

"கஞ்சியக் கவுத்திருவேன்."

"அதான் ஏற்கெனவே கவுத்துட்டியே."

ரெங்கம்மாள் சிரித்துக்கொண்டே அழுதாள். பெட்டியைக் கட்ட அன்றே தொடங்கிவிட்டாள்.

ரெங்கம்மாள் புது வீட்டில் பால் காய்ச்சுகிற நாள் விடியலில், கருக்கல் பிரியுமுன் வடிவம்மாளின் புறவாசலில் குரல் கேட்டது. எப்போதும் வராத நேரம்.

"ஏட்டி. இன்னைக்கு நீ உக்காரு."

"வேண்டாம் தாயி. புது வீடு வந்தாச்சுல்லா? அங்கன போ."

"போவேன். கடன வச்சுட்டுப் போகமாட்டேன்."

உள்ளே அவர் இருமினார். ஒரே ஒரு தடவை.

வடிவம்மாள் கல்லில் உட்கார்ந்தாள். முடியை முன்பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். பின்னால் கை வந்தது. சுடவில்லை, குத்தவில்லை. பெற்றவள் வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்துவிட்ட கை போல அவ்வளவு இதமாக இருந்தது. அழுத்தி, வழித்து, உரித்து, மெதுவாக. மேலிருந்து கீழே. மேலிருந்து கீழே. முடிந்தபோது உடம்பு லேசாக இருந்தது. மிகவும் லேசாக.

அவள் தொட்டுப் பார்க்கவில்லை. கழுத்து மூடிய ரவிக்கை ஒன்றை எடுத்துப் போட்டாள். முந்தானையை இறுக்கிக்கொண்டாள். பால்பானையைத் தானே சுமந்து போனாள்.

"ஒண்ணே ஒண்ணுட்டி ரெங்கம்," என்றாள், பால் பொங்கி வழிந்தபோது. "முதுகு தேய்க்கக் கேட்டா முடியாதுன்னு சொல்லப்படாது."

"இதென்ன சட்டம்!" என்று சிரித்தாள் தங்கச்சி.

சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களும் சிரித்தார்கள். டீச்சர் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்துச் சுவரில் வடிவம்மாளுக்கு இடம் விட்டாள்.

மத்தியானங்கள் அமைதியாகக் கழிந்தன. யாரும் அவள் கதவண்டை வரவில்லை. ஆடி வந்தது. ஒரு நாள் மனது கேளாமல், சாரலில் ஓடைக்கரையோடு நடந்து போய், தெருக்கடைசி வீட்டுப் புறமதிலின் மறைவில் நின்று எட்டிப் பார்த்தாள்.

கல்லில் அது உட்கார்ந்திருந்தது. முடி முன்பக்கம் கிடந்தது. சதைப்பிடிப்பான, மாநிற, உயிருள்ள முதுகு. வெற்றிலை வடு பளபளத்தது. பின்னால் ரெங்கம்மாள் குந்தியிருந்தாள். எண்ணெய்க் கையால் அந்த வடுவைத் தடவித் தடவிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்க அக்காளுக்கும் இதே எடத்துலதான் தாயி. நான் பண்ணின பாவம். ஒருநா கூட அவ ஏசினதில்ல. அவளுக்கும் இப்படித் தேச்சு விடணும்னு எனக்கு ஆச. விடமாட்டேங்கா."

வடிவம்மாள் மதிலிலிருந்து கையை எடுத்தாள்.

திரும்பவில்லை. பின்பக்கமாகவே நடந்தாள்.

வீட்டில் சிவனணைந்தபெருமாள் சன்னலை அகலத் திறந்து வைத்திருந்தார். நெஞ்சு நிறைய இழுத்து விட்டார். ஒரு கீச்சுச் சத்தமும் இல்லை.

"ஏட்டி வடிவு, இந்தக் காத்துக்கு என்ன வேணா குடுக்கலாம். வந்து உக்காரு."

உட்கார்ந்தாள். பின்னால் சன்னல். அருவிப் பக்கமிருந்து காற்று திரும்பி அடித்தது. சாரல் உள்ளே வந்தது.

ரவிக்கைத் துணி நனைந்தது. உள்ளுக்குப் போய் ஒட்டியது. தண்ணீர் ஊடே இறங்கியது.

அது பட அங்கே முதுகு இல்லை. முன்மார்பின் உட்பக்கத்தில் சொட்டுச் சொட்டாகப் பட்டது.