நீலத்தின் மேல் ஒரு மஞ்சள்

“யாரைக் கேட்டு என் பறவை மேல மஞ்சள் அடிச்சீங்க?”

அச்சகத்தின் வாசலிலேயே அவள் வெடித்தாள். கையில் மை காயாத போஸ்டர். நூலகத்தின் வாசிப்பு வாரத்துக்காக மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்த நீலப் பறவை... அதன் வயிற்றுக்குக் கீழே கோணல்மாணலாக ஒரு மஞ்சள் வட்டம்!

மெஷினுக்குப் பின்னாலிருந்து அவன் எட்டிப் பார்த்தான். மூக்கு நுனியில் மை. கண்களில், அடக்கியும் அடங்காத சிரிப்பு.

“தப்பு என்மேலதான் மேடம். மை சரிபார்க்க ஓட்டுற வேஸ்ட் தாள், நல்ல தாளோட கலந்துடுச்சு. வேற அடிச்சுத் தரேன். ஆனா...”

“என்ன ஆனா?”

“இப்பதான் அது பறக்குது. முன்னாடி சும்மா உக்காந்திருந்துச்சு.”

திமிரைப் பார்! பதிலுக்குக் கத்த வாயெடுத்தவள் போஸ்டரை மறுபடி பார்த்தாள். பாழாய்ப்போனவன் சொன்னது சரிதான்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்த விளையாட்டு. அவள் நீலத்தில் எதையாவது வரைந்து அனுப்புவாள். மஞ்சளில் என்ன சேர்க்கப் போகிறான் என்று கேட்கக் கூடாது. அவனும் சொல்லக் கூடாது. அவளுடைய காலி நாற்காலியில் அவன் வெயிலை உட்காரவைத்தான். ஒற்றைச் செருப்புக்கு ஒரு பூனைக்குட்டியைத் துணைக்குக் கொடுத்தான். தாள் திரும்பி வரும்வரை அவளுக்கு இருப்புக்கொள்ளாது. மேசைக்கும் வாசலுக்குமாக நடையாய் நடப்பாள்.

“தாளுக்குத்தான் இந்த நடையா?” என்று அக்கா கண்ணடிப்பாள்.

“சும்மா இரு, அக்கா!”

பதினெட்டுத் தாள் சேர்ந்தபோது ஒரு கலைக்கூடம் அவற்றைக் கண்காட்சியாக வைக்கக் கேட்டது. அழைப்பிதழை அவளே வடிவமைத்துக் கொடுத்தாள். அதைக் கலைக்கூடம் அவன் அச்சகத்துக்கே அனுப்பும் என்று அவளுக்குத் தெரியாது. முன்னூறு அழைப்பிதழ்... எல்லாவற்றிலும் அவள் பெயர் மட்டும்!

அவன் சுத்தமாக அடித்து, கட்டி அனுப்பிவிட்டான். கட்டின் மேல் அவன் அச்சகத்தின் சீட்டைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது.

அதன்பின் அவள் அனுப்பிய நீலத் தாள் திரும்பவே இல்லை. ஒரு நாள்... மூன்று நாள்... ஏழு நாள். போனை எடுத்தாள், வைத்தாள். வரைந்தாள், கிழித்தாள். என்னவென்று அக்கா கேட்டால் மட்டும் கழுத்து வலி என்றாள்.

“பேர விட்டது நீ. நீதான்டீ போகணும்” என்றாள் அக்கா.

மழை பிடித்துக்கொண்டது. குடை எடுக்கக்கூடத் தோன்றாமல் ஓடி, சொட்டச் சொட்ட அவன் முன்னால் போய் நின்றாள்.

“அழைப்பிதழ்ல ஏதாவது குறையா மேடம்?” அவன் நிமிரவே இல்லை.

“கோவமா?”

“மெஷின் ஓட்டுறவனுக்கு என்ன கோவம்?”

சுருக்கென்றது. இமையில் நின்றது மழையா, கண்ணீரா... அவளுக்கே தெரியவில்லை.

“நான் மறந்து விடல. உங்க பேரப் போட்டேன்... என் பேருக்குப் பக்கத்துல. மேல வெச்சேன், கீழ வெச்சேன், எழுத்த மாத்தினேன். எப்படி வெச்சாலும்... கல்யாணப் பத்திரிகை மாதிரியே இருந்துச்சு!”

அவன் மெஷினை நிறுத்தினான்.

“பயந்துட்டேன். பாக்கறவங்க கண்டுபிடிச்சிடுவாங்களோன்னு அழிச்சுட்டேன்.”

“என்னத்தக் கண்டுபிடிப்பாங்க?”

“உங்கள எனக்குப் பிடிச்சிருக்குன்னு! போதுமா?”

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் பார்த்தால்... அவன் காது மடல்கள் சிவந்திருந்தன.

“ஏழு நாளா உங்க தாள்ல மஞ்சள் அடிக்கக் கை வரல. திருப்பி அனுப்பவும் மனசு வரல” என்றான் மெதுவாக. “முன்னூறையும் மறுபடி அடிச்சிடுவோம். ரெண்டு பேரோட.”

“எப்பத் தருவீங்க?”

“கண்காட்சிக்கு உள்ளத நாளைக்கே தரேன்.” அவள் கண்களை நேராகப் பார்த்தான். “அந்த இன்னொரு பத்திரிகைக்குத்தான்... தேதிய நீங்க சொல்லணும்.”